பம்பைக் கழற்றுவதற்கு முன்: பழைய ஹைலக்ஸ் பிக்கப்பின் டீசல் கோளாறும் முன்னிற்கும் தெரிவுகளும்

எங்களிடம் இருப்பது 3எல் இயந்திரம் பூட்டிய பழைய டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப். சில மாதங்களாக, காலையில் செல்ப் அடித்தால் நெடுநேரம் சுற்றிய பிறகே இயந்திரம் பிடித்தது; பிடித்ததும் சிறிது தடுமாறிவிட்டுச் சீரானது. வன்னியின் சமதரையில் வெறுமையாக ஓடும்போது ஒரு குறையும் தெரியவில்லை. வெங்காயம் ஏற்றிக்கொண்டு ஏ9 வீதியில் தம்புள்ளையைத் தாண்டி மாத்தளைப் பக்கம் ஏறும்போதுதான், அக்சிலேட்டரை அடிவரை மிதித்தாலும் இழுவை குறைந்து, இரண்டாம் கியருக்கு இறங்க வேண்டியிருந்தது.

இதை மூன்று பேரிடம் காட்டியபோது மூன்று விடைகள் கிடைத்தன. நொசில்களுக்கு டீசலை அழுத்தத்தோடு அனுப்பும் டீசல் பம்ப் தேய்ந்துவிட்டது, அதைக் கழற்றிப் பரிசோதனை மேசையில் ஏற்றித் திருத்த வேண்டும் என்றார் ஒருவர். திருத்தும் செலவுக்கு, கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஜப்பானிலிருந்து கழற்றி வந்த பாவித்த பம்ப் ஒன்றையே வாங்கிப் பூட்டிவிடலாம் என்றார் இன்னொருவர். மூன்றாமவர், தாங்கிக்கும் பில்டருக்கும் இடையில் சிறிய மின் பம்ப் ஒன்றை வைத்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்றார். மூவரும் அனுபவசாலிகள். ஆனால் மூவருமே பம்ப் பக்கத்திலிருந்துதான் பேச்சைத் தொடங்கினார்கள். தாங்கியிலிருந்து பம்ப் வரை வரும் குழாயை ஒருவரும் தொட்டுப் பார்க்கவில்லை. இந்த மூன்று தெரிவுகளையும் ஒப்பிடுவதற்கு முன்னரே செய்யவேண்டிய நான்காவது ஒன்று உண்டென்பதும், அதைச் செய்யாமல் மற்றவற்றில் எதைத் தெரிந்தாலும் அது குருட்டுத் தெரிவு என்பதுமே என் கருத்து.

காரணம், இந்த இயந்திரத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. 2,446 கனசென்ரிமீற்றர் கொள்ளளவுள்ள 2எல், 2,779 கொள்ளளவுள்ள 3எல், 2,986 கொள்ளளவுள்ள 5எல் ஆகிய மூன்றும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. மூன்றிலும் பொதுவாகக் காணப்படுவது சுழல் வகை டீசல் பம்ப்தான். பல லொறிகளில் இருப்பதுபோல், தாங்கியிலிருந்து டீசலைத் தள்ளிக்கொடுக்கும் தனியான ஊட்டுபம்ப் இவற்றில் இல்லை. டீசல் பம்பின் உள்ளேயே இருக்கும் சிறிய இறகுச் சக்கரம் ஒன்றுதான், பல அடி நீளமான குழாய் வழியாகவும் பில்டர் வழியாகவும் டீசலை உறிஞ்சி எடுக்கிறது. ஆகவே தாங்கியின் அடியிலிருந்து பம்பின் வாய்வரை உள்ள முழுப் பாதையும் உறிஞ்சலில் இருக்கிறது. அழுத்தத்தில் இருக்கும் குழாயில் ஓட்டை விழுந்தால் டீசல் வெளியே கசிந்து நிலத்தை நனைக்கும். எந்தச் சாரதியும் கண்டுகொள்வார். உறிஞ்சலில் இருக்கும் குழாயில் ஓட்டை விழுந்தால் டீசல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். ஒரு துளி ஈரமும் தெரியாத வாகனத்தில் 'எயர் எடுக்கிறது' என்று சொன்னால் பலர் நம்பாததற்கு இதுவே காரணம். இரவு முழுவதும் நிற்கும்போது அந்தக் காற்று மேலேறி, குழாயில் நின்ற டீசல் மெல்ல மெல்லத் தாங்கிக்கே திரும்பிவிடுகிறது. காலையில் செல்ப் அடிக்கும் நேரத்தில் பெரும்பகுதி, அந்தக் காற்றை வெளியேற்றுவதில் செலவாகிறது.

எனவே முன்னரே செய்யவேண்டிய அந்த நான்காவது தெரிவு, உறிஞ்சற் பக்கத்தைச் சோதித்துச் செப்பனிடுவது. இதற்கான சோதனைகளில் மிக மலிவானது, பில்டரின் தலையிலுள்ள கைபம்பைக் காலையில் செல்ப் அடிப்பதற்கு முன் அழுத்திப் பார்ப்பது. முதல் அழுத்தலிலேயே கை இறுகினால் குழாயில் டீசல் நிற்கிறது. பத்துப் பதினைந்து தடவை தொளதொளவென்று இறங்கிய பிறகு இறுகினால் டீசல் இறங்கிவிட்டிருக்கிறது. இறுகிய பின் செல்ப் அடித்ததும் இயந்திரம் உடனே பிடித்துவிட்டால், வழக்கின் பாதி முடிந்ததுபோல்தான். இறுக்கிய பிறகும் நெடுநேரம் சுற்றினால், சைலன்சரைப் பார்க்க வேண்டும். சுற்றும்போது டீசல் மணத்தோடு வெண்புகை வந்தால் டீசல் சிலிண்டருக்குப் போகிறது, ஆனால் பற்றவில்லை; அங்கே குற்றவாளி பெரும்பாலும் குளிரில் சிலிண்டரைச் சூடாக்கும் குளோ பிளக் அல்லது இயந்திரத்தின் அமுக்கம், டீசல் ஓட்டமன்று. புகையே வராவிட்டால் டீசல் போகவில்லை. அறவே பிடிக்காத வாகனத்தில், சாவியைத் திருப்பும்போது பம்பின் மேலுள்ள டீசல் நிறுத்தும் சொலனோயிட் என்ற மின்காந்த வால்வுக்கு மின் வருகிறதா, 'டிக்' என்று ஓசை கேட்கிறதா என்பதையும் பார்த்துவிட வேண்டும். ஒரு வயர் கழன்றதற்காகப் பம்பைக் கழற்றிய கதைகளை நானே கேட்டிருக்கிறேன்.

அடுத்தது, பம்பின் உள்வரும் வாயில் அரை அடி நீளத்துக்கு டீசலைத் தாங்கக்கூடிய ஒளிபுகும் குழாயைத் தற்காலிகமாகப் பூட்டி, இயந்திரத்தை ஓடவிட்டுப் பார்ப்பது. புதிதாகப் பூட்டியதும் சில குமிழிகள் வருவது இயல்பு. சில நிமிடங்களுக்குப் பிறகும் நின்றுநின்று வந்துகொண்டிருந்தால் எங்கோ காற்று நுழைகிறது. எங்கே என்பதைக் கண்டுபிடிக்க, அதே குழாயைப் பில்டருக்கு முன்னால் மாற்றிப் பூட்டினால் போதும்: அங்கே குமிழி இல்லை, பின்னால் மட்டும் இருக்கிறது என்றால் பில்டரின் தலைதான் ஓட்டை. இந்த வாகனங்களில் அது அடிக்கடி நடப்பது. கைபம்பின் உள்ளிருக்கும் ரப்பர்த் தகடு காய்ந்து வெடித்துவிடும். பில்டரை மாற்றும்போது பழைய வளையத்தையே திரும்பப் போட்டிருப்பார்கள். பில்டரின் அடியிலுள்ள நீர் வடிக்கும் திருகு சரியாக மூடாமல் இருக்கும்.

காற்றுக் குமிழி இல்லாமலேயே இழுவை குறைவதும் உண்டு. அது ஓட்டையன்று, அடைப்பு. அடைப்பின் இலக்கணம் வேறு: காலையில் தொல்லை தராது, வெறுமையாக ஓடும்போதும் தராது, சுமையோடு ஏறும்போது மட்டும் டீசல் போதாமல் போகும். பில்டர் அடைபட்டிருக்கலாம், தாங்கியினுள் உறிஞ்சு குழாயின் நுனியிலுள்ள வலையில் அழுக்குப் படிந்திருக்கலாம், தாங்கி மூடியின் காற்றுத்துளை அடைபட்டு, டீசல் குறையக் குறையத் தாங்கியினுள் வெற்றிடம் உண்டாகியிருக்கலாம். கடைசியாகச் சொன்னதைச் சோதிக்க ஒரு சதமும் வேண்டாம். ஏற்றத்தில் இழுவை குறைந்த உடனே நிறுத்தி மூடியைத் திறந்தால், 'உஸ்' என்று காற்றை உள்ளே இழுக்கும் ஓசை கேட்கும். தாங்கி நிரம்பியிருக்கையில் நன்றாக ஓடி, கால்வாசிக்கு இறங்கியதும் தடுமாறும் வாகனத்தில், தாங்கியினுள்ளே இருக்கும் உறிஞ்சு குழாயே துருப்பிடித்து நடுவில் துளை விழுந்திருக்கக்கூடும். டீசல் மட்டம் அந்தத் துளைக்குக் கீழே இறங்கும்வரை அது தன்னைக் காட்டிக்கொள்ளாது.

இத்தனைக்கும் மேலாக, எல்லாத் தெரிவுகளையும் வகைபிரித்துக் கொடுக்கும் சோதனை ஒன்று இருக்கிறது. சுத்தமான டீசல் நிரப்பிய சிறிய கலன் ஒன்றைப் பம்பைவிட உயரமான இடத்தில் அசையாமல் கட்டி, தாங்கி, குழாய், பில்டர் மூன்றையும் விலக்கிவிட்டு, கலனிலிருந்து நேரே பம்பின் வாய்க்கு ஒரு குழாயும், பம்பிலிருந்து திரும்பும் டீசல் கலனுக்கே வர இன்னொரு குழாயும் கொடுக்க வேண்டும். இடையில் சிறிய புதுப் பில்டர் ஒன்று இருப்பது நல்லது. கலன் சைலன்சர்க் குழாயின் சூட்டுக்குத் தொலைவில் இருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. இந்த நிலையில் ஓர் இரவு விட்டுக் காலையில் உடனே பிடித்தால் காலைத் தொல்லையில் பம்ப் குற்றமற்றது; பழுது விலக்கிவைத்த மூன்றில் ஒன்றில் இருக்கிறது. கலனிலிருந்து ஊட்டியும் அதே தொல்லை தொடர்ந்தால், அதன் பிறகுதான் பம்பையும், சிலிண்டரினுள் டீசலைத் தெளிக்கும் நொசில்களையும் சந்தேகிக்க நியாயம் உண்டு. அரை நாள் வேலையும், இரண்டு முழக் குழாயும், நாலு கிளிப்பும் கொண்டு, பல பத்தாயிரம் ரூபாய் சம்பந்தப்பட்ட ஒரு கேள்விக்கு விடை கிடைக்கிறது. எந்தக் கராஜும் இதைத் தானாக முன்வந்து செய்யாததை நான் குறையாகச் சொல்லமாட்டேன். வாடிக்கையாளர் சோதனைக்குக் கூலி கொடுக்க முகம் சுளிப்பார், பாகத்துக்கு என்றால் கொடுத்துவிடுவார். இதுவே நம் பழக்கம்.

இனி, பம்பே குற்றவாளி என்று கலன் சொல்லிவிட்டதாக வைத்துக்கொள்வோம். இங்கே நம் நாட்டின் அண்மைக்கால அனுபவம் ஒன்றைக் கணக்கில் எடுக்க வேண்டும். 2022 இல் டீசலுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்றதும், அவ்வாண்டு ஜூலையில் கியூ.ஆர். அட்டைப் பங்கீடு வந்ததும், கிடைத்ததையெல்லாம் பரல்களிலும் கலன்களிலும் சேமித்ததும் எல்லோருக்கும் நினைவிருக்கும். பழைய பரலின் அடியில் தேங்கிய நீரும் துருவும் அப்படியே தாங்கிக்கு வந்தன. நீரும் டீசலும் சந்திக்கும் தளத்தில் நுண்ணுயிர் வளர்ந்து கறுத்த கூழாகப் படிவதும் அப்போதுதான் பரவலாகத் தெரிந்தது. மண்ணெண்ணெயின் விலை 2022 ஆகஸ்டில் லீற்றருக்கு 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக உயரும்வரை, அதை டீசலோடு கலந்து ஓட்டியவர்களும் உண்டு. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில், யாழ்ப்பாணத்தில் பெற்றோல் கார்களையே மண்ணெண்ணெயில் ஓட்டிப் பழகியவர்கள் நாங்கள். அந்தத் துணிச்சல் டீசல் வாகனத்திலும் வந்துவிட்டது. ஆனால் கார்பரேற்றருக்கு எரிபொருள் வெறும் எரிபொருள் மட்டுமே. சுழல் வகை டீசல் பம்புக்கோ அதுவே மசகெண்ணெயும் ஆகும். அதன் உள்ளே சில மைக்ரோன் இடைவெளியோடு ஒன்றுக்குள் ஒன்று சுழலும் உருக்குப் பாகங்களை உராயாமல் காப்பது அவற்றினூடே ஓடும் டீசல் மட்டுமே. மண்ணெண்ணெய் டீசலைவிட மெலிந்தது. அந்தக் காப்பை அது முழுமையாகத் தராது. ஆகவே அந்த ஆண்டில் கலப்பு எரிபொருளில் ஓடிய வாகனத்தை இப்போது வைத்திருப்பவர், பம்பின் தேய்மானத்தை ஒரு தூரத்துச் சாத்தியமாகக் கருதக்கூடாது.

தேய்ந்த பம்புக்கு அடையாளம், சூட்டில் தெரியும். காலையில் குளிரில் பிடித்துவிடும். நெடுந்தூரம் ஓடி, தேநீர் குடிக்க நிறுத்திவிட்டுத் திரும்பி வந்து செல்ப் அடித்தால் பிடிக்காது. சூடேறிய டீசல் மெலிந்து, தேய்ந்த இடைவெளி வழியாக நழுவிவிடுவதால், செல்ப் சுற்றும் மெதுவான வேகத்தில் நொசிலைத் திறக்கும் அழுத்தம் எழுவதில்லை. நொசில் திறப்பதற்கு 100 பாருக்கு மேற்பட்ட அழுத்தம் வேண்டும். அப்போது குளிர்ந்த நீரில் நனைத்த துணியைப் பம்பின் தலையில், அதாவது உயரழுத்தம் எழும் பகுதியில், சுற்றி வைத்து, ஐந்து நிமிடம் கழித்துச் செல்ப் அடித்ததும் பிடித்தால், பம்பின் தலை தேய்ந்துவிட்டது என்று பழைய மெக்கானிக்குகள் சொல்வது சரியே. எயர் எடுக்கும் வாகனம் நேர்மாறாக நடக்கும்: ஓடிச் சூடாகி நிறுத்தியதும் உடனே பிடிக்கும், இரவு நின்றால்தான் தொல்லை.

இந்த நிலையில் திருத்துவதா, பாவித்த பம்ப் வாங்குவதா என்பதில் எனக்குத் தயக்கமில்லை; திருத்துவதே மேல். பாவித்த பம்பின் கவர்ச்சி, ஒரே நாளில் வேலை முடிவதும், விலை முன்கூட்டியே தெரிவதுமாகும். ஆனால் வெளியே துடைத்துப் பளபளப்பாக்கிய பம்பின் உள்ளே என்ன இருக்கிறது என்பது விற்பவருக்கும் தெரியாது. அது எத்தனை மாதம் வெறுமையாகக் கிடந்து உள்ளே துருப்பிடித்தது, ரப்பர் வளையங்கள் எவ்வளவு காய்ந்தன என்பவை பூட்டி ஓட்டிய பிறகே தெரியவரும். அதைவிட முக்கியமாக, 2எல், 3எல், 5எல் பம்புகள் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்தாலும், கொடுக்கும் டீசலின் அளவும் உள்ளமைப்பும் ஒன்றல்ல. டர்போ பூட்டிய இயந்திரத்தின் பம்ப் இன்னும் வேறு. பாவித்ததைத்தான் வாங்குவதென்று முடிவெடுத்தால், பம்பின் தகட்டிலுள்ள இலக்கத்தைத் தம்முடைய பம்பின் இலக்கத்தோடு ஒப்பிட்டு வாங்கி, பூட்டுவதற்கு முன் அதையும் பரிசோதனை மேசையில் ஏற்றிப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்க்கும்போது, இரண்டு தெரிவுக்கும் இடையிலிருந்த விலை வித்தியாசம் பெரும்பாலும் கரைந்துவிடுகிறது. பழைய பம்பின் தலை வெட்டுப்பட்டு, புதுத் தலை கிடைக்காத நிலையில் மட்டும் பாவித்த பம்ப் நியாயமாகும்.

திருத்தக் கொடுப்பவர் சிலவற்றைக் கேட்டு வாங்க வேண்டும். கழற்றியவுடன், திருத்துவதற்கு முன்னரே, பம்பை மேசையில் ஓடவிட்டு எந்த வேகத்தில் எவ்வளவு டீசல் கொடுத்தது என்பதையும், திருத்திய பிறகு கொடுத்ததையும் எழுதித் தருமாறு கேட்டால், தருபவர் நல்ல தொழிலாளி. வளையங்களை மட்டும் மாற்றுவதற்கும் தலையை மாற்றுவதற்கும் இடையில் செலவு பலமடங்கு வேறுபடும். முந்திய எண்ணிக்கையைப் பார்க்காமல் எது தேவை என்று யாராலும் சொல்ல முடியாது. பம்பைத் திரும்பப் பூட்டுகையில் உள்வரும் குழாயையும் திரும்பும் குழாயையும் பிடிக்கும் இரு போல்ட்டுகளும் இடம் மாறக்கூடாது. திரும்பும் குழாய்க்குரிய, 'அவுட்' என்று குறியிட்ட போல்ட்டின் உள்ளே சிறு துளை மட்டுமே இருக்கும். அதுவே பம்பின் உள்ளழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கிறது. இரண்டையும் மாற்றிப் போட்டுவிட்டு, திருத்தியும் பயனில்லை என்று பம்பைப் பழிப்பது நடக்கக்கூடிய தவறு. இந்தக் குடும்பத்தில் பம்பைச் சுழற்றுவது டைமிங் பெல்ட் ஆகையால், பம்ப் கழன்று கிடக்கும் வேளையே பெல்ட் மாற்றுவதற்கும் உரிய வேளை.

நான் வற்புறுத்தும் வரிசைக்கு விலக்கு ஒன்று இருப்பதையும் இங்கே சொல்ல வேண்டும். பம்பின் முன்பக்க அச்சிலுள்ள சீல் கசிந்தால், டீசல் பெல்ட் மூடியின் உள்ளே வடிந்து பெல்ட்டை ஊறவைக்கும். ஊறிய பெல்ட் அறுந்தால் போவது பம்பன்று, இயந்திரத்தின் தலையே. பெல்ட் மூடியின் அடியில் டீசல் ஈரம் கண்டவர் கலனும் குழாயும் வைத்துச் சோதித்துக்கொண்டிராமல் உடனே பம்பைக் கழற்ற வேண்டியதுதான்.

நொசில்களை மட்டும் மாற்றுவது தனித் தெரிவாக அரிதாகவே பொருந்தும். கரும்புகையும், சும்மா நிற்கும்போது ஒரு சிலிண்டரில் மட்டும் தட்டும் ஓசையும் இருந்தால், நொசில் குழாய்களின் நட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பார்த்து, எதைத் தளர்த்தும்போது இயந்திரத்தின் ஓட்டம் மாறவில்லையோ அதைச் சந்தேகிக்கலாம். தெறிக்கும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும் அழுத்தமுள்ளது. கசிவு தேடி விரலை வைக்கவே கூடாது, அட்டைத் துண்டுதான் பிடிக்க வேண்டும். பம்ப் மேசைக்குப் போகும் அதே நாளில் நொசில்களையும் கொடுத்துத் திறக்கும் அழுத்தத்தையும் தெளிப்பையும் பார்த்துவிடுவதே சிக்கனம்.

மின் பம்ப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை, முற்றாக ஒதுக்கவும் மாட்டேன். அது உறிஞ்சலை அழுத்தமாக மாற்றுகிறது. ஆகவே காற்று நுழைந்த ஓட்டை வழியாக இப்போது டீசல் வெளியே கசியும்; காலையில் உடனே பிடிக்கும்; உரிமையாளர் மகிழ்வார்; ஓட்டை அப்படியே இருக்கும். அடைப்பு இருந்தாலோ, அதற்கு எதிராகத் தள்ளித் தள்ளி மின் பம்ப் சில மாதத்தில் நின்றுபோகும், நின்ற பம்ப் தானே புதிய அடைப்பாகும். அழுத்தம் கூடிய வகையைப் பூட்டினால், டீசல் பம்பின் உள்ளழுத்தம் ஏறி, டீசல் தெளிக்கும் நேரத்தைக் குலைப்பதோடு, மேலே சொன்ன அச்சு சீலையும் கசியவைக்கும். அழுத்தம் குறைந்த வகை ஒன்றைச் சோதனைக்காக ஒரு மணி நேரம் பூட்டி, எங்கே நனைகிறது என்று பார்த்து ஓட்டையைக் கண்டுபிடிப்பது மட்டும் நல்ல உபாயம்.

விற்றுவிடுவது பற்றியும் வீட்டில் பேச்சு எழுந்தது. 2020 இல் நின்ற வாகன இறக்குமதி 2025 இல் திறந்துவிட்டபோதும், புதிய பிக்கப்பின் விலையைக் கேட்ட பிறகு அந்தப் பேச்சு நீளவில்லை.

எங்கள் வாகனத்தில் கலன் சோதனை பம்பைப் பாதியளவே விடுவித்தது. கலனிலிருந்து ஊட்டியபோது காலையில் உடனே பிடித்தது. தேடியதில் கைபம்பின் ரப்பர்த் தகடு வெடித்திருந்தது; தாங்கியை இறக்கிக் கவிழ்த்தபோது, உறிஞ்சு குழாயின் வலையில் கறுத்த கூழ் அப்பியிருந்தது. பில்டரின் தலையை முழுதாக மாற்றி, தாங்கியைக் கழுவி, ஹோஸ்கள் அனைத்தையும் புதிதாக்கியதோடு காலைத் தொல்லை ஒழிந்தது, மாத்தளை ஏற்றமும் பெரும்பாலும் சரியானது. ஆனால் நெடுந்தூரம் ஓடி நிறுத்திய பின் செல்ப் சற்று நீள்வது இன்னும் இருக்கிறது. ஈரத்துணி வைத்தால் குறைகிறது. ஆகவே பம்பும் நொசில்களும் பெல்ட்டும் சேர்த்து ஒரே வேலையாக, வெங்காயப் பருவம் முடிந்த பிறகு மேசைக்குப் போகின்றன. அதுவரை வாரம் ஒருமுறை பில்டரின் அடித்திருகைத் தளர்த்தி ஒரு கண்ணாடிக் குவளையில் வடித்து, அடியில் நீர் நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம்.